டேங்கருக்குள் யாரோ

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள்... இது சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை. நம் கிளாரன்ஸின் சித்தப்பா, பெங்களூர் மர்பி டவுன் அலெக்சாண்டருக்கு நடந்தது.

தொண்ணூற்றெட்டாம் வருஷம். நள்ளிரவு தாண்டிவிட்டது. ஆனேக்கல் பக்கம், தென்பெண்ணை ஆற்றுக்கு இறங்கும் மண் பாதை. விளக்கை அணைத்துவிட்டு ஒரு டேங்கர் லாரி நிற்கிறது. டிரைவர் தியோடர். கிளீனர் அலெக்சாண்டர்.

உள்ளே கம்பெனிக் கழிவு. அலெக்சாண்டர் வால்வைத் திறந்ததும் கொளகொளவென்று ஆற்றில் கொட்டியது. அழுகிய முட்டை நாற்றம்... கண் எரிந்தது. தண்ணீர்மேல் நுரை ஆளுயரம் எழும்பியது.

இருட்டுக்குள்ளிருந்து ஒரு மீன்காரர் ஓடிவந்து தியோடரின் சட்டையைப் பிடித்தார்.

"நீங்கதானாடா அது? மீனு பூரா செத்து மிதக்குது. அதத் தின்ன கொக்கும் செத்துக் கெடக்குது. எம் பேத்தி ஆஸ்பத்திரில ரத்தமா கக்கறாடா!"

தியோடர் ஜாக்கி ராடை எடுத்து மண்டையில் போட்டார். சொத்... மறுபடி. மறுபடியும்.

"விடுண்ணா, செத்துருவான்ணா" என்றார் அலெக்சாண்டர். சொன்னாரே தவிர, கையைப் பிடிக்கவில்லை. இருவரும் சேர்ந்துதான் அவரை நுரைக்குள் உருட்டிவிட்டார்கள். விரல்கள் கொஞ்ச நேரம் மேலே தெரிந்தன... அப்புறம் அதுவும் இல்லை.

பெங்களூருக்குத் திரும்பும் வழியில், சந்தாபுரா தாண்டும்போது பின்னால் ஒரு சத்தம். டங்...

"கல்லு தெறிச்சிருக்கும்" என்றார் தியோடர்.

டங்... டங்... காலி டேங்கருக்குள் தண்ணீர் அலம்பியது.

தியோடர் வண்டியை நிறுத்தி, மேலே ஏறி மூடியைத் திறந்தார். டார்ச் அடித்துக் குனிந்தார்.

"ஒண்ணுமில்லடா, காஞ்சு கெட..."

அவ்வளவுதான். உள்ளேயிருந்து எதுவோ தலையைப் பிடித்து இழுத்தது. இடுப்பு விளிம்பில் சிக்கிக்கொண்டது. இழுத்தது விடவில்லை. மடக்... மடக்கென்று, கரும்பை ஒடிக்கிற மாதிரி எலும்பு ஒடிந்தது. செருப்பு இரண்டும் அலெக்சாண்டர் காலடியில் விழுந்தன. மூடி தானாகச் சாத்திக்கொண்டது.

விடிந்ததும் போலீஸ் வந்து திறந்தது. உள்ளே யாரும் இல்லை. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. சேற்றுமீன் வாடை மட்டும்.

அலெக்சாண்டர் அழுதுகொண்டே அவர்களை ஆற்றுக்குக் கூட்டிப்போனார். நாள் முழுக்க நுரையைக் கிளறினார்கள். ஒரே ஒரு பிணம்தான் கிடைத்தது... தோலெல்லாம் வெந்து, இடுப்பு ஒடிந்து. அது தியோடர்.

மீன்காரர் கிடைக்கவே இல்லை.

கம்பெனி அந்த டேங்கரை விற்றுவிட்டது. வாங்கியவன் கழுவி, நீல பெயின்ட் அடித்து, பக்கவாட்டில் பெரிதாக 'குடிநீர்' என்று எழுதியிருக்கிறான். பெங்களூரில்தான் ஓடுகிறது... எந்தத் தெருவுக்கு என்று தெரியவில்லை.