பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை

அநியாயம்னா இது அநியாயம்ணா! எங்க அக்கா மகளுக்கு ரெண்டு வயசு. மூக்குல இருக்கற ஆக்சிஜன் குழாயை இன்னைக்குக் கழட்டிடலாம்னு டாக்டரம்மா வாயாலயே சொல்லி வரவழைச்சாங்க. புதுச் சட்டை போட்டு, தலை சீவி, கல்யாணத்துக்குக் கிளம்பற மாதிரி கிளம்பி வந்தோம். வந்து உக்காந்தா... "கொஞ்சம் பொறுங்க, இதய டாக்டரும் ஒரு தடவை பாத்துடட்டும்"ங்கறாங்க! நுரையீரலுக்கு வந்த இடத்துல இதயத்துக்கு என்ன வேலை? நீங்களே சொல்லுங்க. இல்ல, நீங்க சொல்ல வேணாம், நானே சொல்றேன்.

அந்த நாற்காலி ஆடும், இப்படி வாங்க. பாப்பா தூங்குதா? தோள்லயே இருக்கட்டும். இங்க முதல் தடவையா? ஃபைல் தடிமனைப் பாத்தாலே தெரியுது. இதுக்கு முன்னாடி நாலு டாக்டர் இருக்குமா? ஆறா! பரவால்ல, எங்களுக்கு ஒன்பது. நீங்க மூணு பேரை மிச்சம் பிடிச்சிட்டீங்க.

எங்க குட்டிக்கு வீட்டுல எஞ்சின்னு பேரு. பொறந்து மூணு மாசத்துலேர்ந்தே மூச்சு புசுபுசுன்னு ஓடும். தூங்கறப்பக்கூட மலை ஏறுற மாதிரி. நாங்க என்ன பண்ணோம்? சிரிச்சோம்! "எஞ்சின் கிளம்பிடுச்சு"ன்னு கை தட்டினோம். அதை நெனச்சா அக்காவுக்கு இப்பவும் மனசு ஆறாது. எனக்கும்தான்... சரி, அதை விடுங்க.

அப்புறம் பாத்தா எடை ஏறல. பால் குடிக்கறப்ப நாலு வாய்க்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்குவா. முதல் டாக்டர் சளின்னாரு. ரெண்டாவது டாக்டர் ஆஸ்துமான்னாரு. மூணாவது ஆளு "அம்மாதான் ரொம்ப பயப்படறாங்க"ன்னு எங்க அக்காவுக்கு வைத்தியம் சொன்னாரு! மனுஷங்களா இவங்க? முகமூடி வச்சு மருந்துப் புகை, ஸ்டீராய்டு, சொட்டு மருந்து... குழந்தை முகம் பூரிச்சுப் பந்து மாதிரி ஆச்சே தவிர, மூச்சிரைப்பு ஒரு பொட்டும் அடங்கல. கல்லுல நார் உரிச்சாங்க, ஒன்பது பேரும் சேர்ந்து.

பத்தாவதாத்தான் இங்க வந்தோம். இந்த டாக்டரம்மா கழுத்துலேர்ந்து ஸ்டெதஸ்கோப்பை எடுக்கவே இல்லண்ணா. "சட்டையைக் கழட்டிட்டுக் குழந்தையை மடியில வச்சுக்குங்க"ன்னுட்டு, கன்னத்துல கை வச்சு உக்காந்து பாத்துக்கிட்டே இருக்காங்க. அஞ்சு நிமிஷம்! நான் விடுவேனா? "டாக்டர், வேடிக்கை பாத்து முடிஞ்சதும் பரிசோதனை உண்டா?"ன்னேன். அவங்க திரும்பக்கூட இல்ல. "இதுதாம்மா பரிசோதனை"ன்னாங்க. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்கு நடுவுல தோல் எப்படி உள்ள குழியுதுன்னு அக்கா விரலைப் பிடிச்சு வச்சுக் காட்டினாங்க. அதுவரைக்கும் ஒருத்தரும் அந்த நெஞ்சை முழுசா ஒரு நிமிஷம் பாக்கலைங்கறது அப்பத்தான் எங்களுக்கே உறைச்சுது.

அப்புறம் ஸ்கேன், மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம், ஆறு வாரம் தவிப்பு. முடிவுல ஒரு பேரு சொன்னாங்க பாருங்க, ஒரே மூச்சுல சொல்லி முடிக்க முடியாது. மூச்சு நோய்க்கு இப்படியா பேரு வைக்கறது? ரொம்ப அபூர்வமாம். வைத்தியத்தைக் கேட்டா சிரிப்பீங்க. குடுக்கற மருந்தை எல்லாம் நிறுத்து, மூக்குல ஆக்சிஜன் குடு, நல்லா சாப்பிடக் குடு, வளர விடு. குழந்தையோட நுரையீரலும் வளரும், பெரும்பாலும் சரியாயிடும். அவ்வளவுதான்! "இதுக்குப் பேரு வைத்தியமா?"ன்னு நான் முக்கால் மணி நேரம் வாதாடினேன். வெளிய வரிசை வாசல் தாண்டிப் போயிடுச்சு. ஆனா என்ன... ரெண்டே மாசத்துல எடை ஏறிச்சே! தோத்தது நான்தான். இப்ப சிலிண்டரைச் சக்கர வண்டியில வச்சு அவளே இழுத்துக்கிட்டு வீடு பூரா ஓடறா. வண்டி கால்ல இடிச்சா அதை ஒரு அடி வைப்பா. என் வளர்ப்பு.

உங்க பாப்பாவுக்கும் இதேதான்னு நான் சொல்லலண்ணா. வேற எதாவது இருக்கலாம், ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம். ஆனா அந்தம்மா பாப்பாங்க. சட்டையைக் கழட்டிப் பாப்பாங்க. அதுக்கு நான் ஜாமீன்.

எங்க விட்டேன்? ஆங், இதயம்! போன வாரம் என்ன சொன்னாங்கன்னா, ரெண்டு நாள் பகல்ல குழாய் இல்லாம விட்டுப் பாருங்க, கால் கட்டைவிரல்ல இந்தப் பட்டையைச் சுத்திடுங்க, இந்தச் சின்ன மெஷின் ஆக்சிஜனையும் இதயத் துடிப்பையும் தானாவே பதிஞ்சுக்கும்னாங்க. அக்காவும் மாமாவும் வேலைக்குப் போயிடுவாங்க. பொறுப்பு யாருக்கு? எனக்கு. ரெண்டு நாள் கிளாஸுக்கே போகல!

இன்னைக்கு அந்தப் பதிவை அச்சடிச்சு மேசை மேல நீட்டமா விரிச்சாங்க. குழந்தைக்கு நிமிஷத்துக்கு நூத்தி இருபது துடிப்பு. திடீர்னு எழுபத்தாறு! ஒரு நிமிஷம் அங்கேயே நிக்குது, மறுபடி நூத்தி இருபது. பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை, அச்சுல வார்த்த மாதிரி, ரெண்டு நாளும்! ஆக்சிஜன் கோடும் அதே இடத்துல எல்லாம் ஒரு சறுக்கு சறுக்குது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழட்டிட்டு, "இப்படி நான் பாத்ததே இல்லையே"ன்னாங்க. தினம் அபூர்வ நோயாப் பாக்கறவங்க வாயில வர்ற வார்த்தையாண்ணா இது? அக்கா முகம் சுண்ணாம்பு மாதிரி ஆயிடுச்சு. இப்ப குழந்தையும் அவளும் அந்த அறையிலதான் இருக்காங்க. நெஞ்சு பூரா ஒயர்.

"மெஷின் சரியா வேலை செஞ்சுதா?"ன்னு டாக்டரம்மா மூணு தடவை கேட்டாங்க. நான் மேசையில தட்டிச் சொன்னேன், மெஷின்ல ஒரு குறையும் இல்ல, அதுக்கு நான் பொறுப்புன்னு. "அப்ப இதயத்தைத்தான் பாக்கணும்"னுட்டாங்க.

எப்படி அவ்வளவு உறுதியாச் சொன்னேனா? என்னண்ணா இப்படிக் கேட்டுட்டீங்க, நான் பல்கலைக்கழகத்துல இயற்பியல் படிக்கறேன்! எங்க ஆய்வுக்கூடத்துல முதல் பாடமே, பொருளை அளக்கறதுக்கு முன்னாடி அளவுகோலை அளன்னுதான். உனக்கு நல்லாத் தெரிஞ்ச ஒண்ணுல வச்சுப் பாரு. எனக்கு நல்லாத் தெரிஞ்சது யாரு? நான்தானே! பட்டையை அவ கால்லேர்ந்து கழட்டி என் சுண்டுவிரல்ல சுத்தி, ஒரு நிமிஷம் சரிபாத்துட்டு, மறுபடி அவ கால்ல சுத்திடுவேன். சும்மா இல்ல, ஃபோன்ல அலாரம் வச்சு, பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு...

ஏண்ணா அப்படிப் பாக்கறீங்க?

இல்ல, மெஷினை நிறுத்தல. நிறுத்தினா பதிவு அறுந்துடுமே.

என் துடிப்பா? அது எப்பவும் எழுபத்தஞ்சு, எழுபத்தா...

ஐயோ.

ஐயையோ! அண்ணா, சிரிக்காதீங்க, பாப்பா முழிச்சுக்கும்! இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்குங்க, இதோ வந்துடறேன்!

...

வந்துட்டேன். சொல்லிட்டேன்ணா. எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். இதய டாக்டர் இருமற மாதிரி சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. அக்கா என்னை அடிக்கக் கையை ஓங்கினா, அதே கையால கண்ணைத் துடைச்சுக்கிட்டா. எஞ்சின் மட்டும் நெஞ்சுல இருந்த ஒயரை ஒவ்வொண்ணாப் பிச்சு எனக்கு ஒட்டிவிட்டுட்டு இருந்தா.

இருங்க, அது உங்க நம்பர்தான், கூப்பிடட்டும். முடிவைக் கேக்காமப் போனா எப்படி? டாக்டரம்மா சிவப்புப் பேனா எடுத்து, நான் வர்ற இடத்தை எல்லாம் அடிச்சாங்கண்ணா. அடிச்சாங்க, அடிச்சாங்க, அடிச்சுக்கிட்டே இருந்தாங்க. ரெண்டு நாள்ல அவ்வளவு இடத்துல நான் இருந்திருக்கேன்! அப்புறம் மிச்சம் இருந்த கோட்டை மட்டும் ஆரம்பத்துலேர்ந்து விரல் வச்சுப் பாத்துக்கிட்டே போனாங்க. நான், பொறந்ததுலேர்ந்து முதல் தடவையா, வாயைத் திறக்கல. காகிதத்தை மெதுவாச் சுருட்டி வச்சாங்க. குழந்தை மூக்குலேர்ந்து குழாயை அவங்க கையாலயே எடுத்தாங்க. எடுத்துட்டு என்னைப் பாத்து,

"குழந்தைக்கு இனிமே பகல்ல இது வேணாம். உன் இதயமும் ரொம்ப நல்லா இருக்கு, பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை நிரூபிக்க வேணாம்"னாங்க.