எதில் சூடு அதிகம்

"உங்கம்மாவையும் எங்கம்மாவையும் ஒரே பக்கம் நிக்க வச்சா, அது சிஸ்."

சனிக்கிழமை காலை, சிங்கப்பூரில் பூன் லே போகும் ரயிலில் எதிர் இருக்கைக்காரர் இப்படிச் சொன்னதும் நான் கைப்பேசியை இறக்கினேன். பக்கத்தில் அவர் மனைவி. மனைவியின் மடியில் சிஸ், டிரான்ஸ் மூலக்கூறு அமைப்புகளைப் பற்றிய வேதியியல் குறிப்புகள். கணவர் ஜூரோங் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே டிப்ளமோ படிப்பவர், போன தடவை தோற்ற தேர்வை இன்று மறுபடி எழுதப் போகிறார் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"பாடத்தைச் சொல்லுங்க."

"அதைத்தான் சொல்றேன். நடுவுல டபுள் பாண்ட், அது திரும்பாது. பெரிய குரூப் ரெண்டும் ஒரே பக்கம் மாட்டிக்கிட்டா இடிச்சுக்கும். நம்ம கல்யாண மேடை மாதிரி."

"டிரான்ஸ்?"

"ஆளுக்கொரு பக்கம். அதான் ஸ்டேபிள்."

"ஹைட்ரஜன் சேர்த்தா எதுல சூடு அதிகமா வெளிய வரும்?"

"சிஸ்ல. ஏற்கெனவே உள்ளுக்குள்ள கொதிச்சுக்கிட்டு இருக்கு லா."

மனைவி தாளைப் புரட்டி விடையைப் பார்த்தார்.

"சரிதான். ஆனா பேப்பர்ல அம்மாங்களை இழுக்காதீங்க."

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போன தடவை இழுத்துட்டேன்."

"என்னது?"

"பதற்றத்துல வேற எதுவும் ஞாபகம் வரல."

"அதனாலதான் ஃபெயிலா?"

"இல்ல. அந்தக் கேள்விக்கு மட்டும்தான் ஃபுல் மார்க். ஓரத்துல லெக்சரர் 'எங்க வீட்டுலயும்'னு எழுதியிருந்தாரு."

ரயில் நின்றது. மனைவி பையை எடுத்து அவர் தோளில் மாட்டிவிட்டார்.

"அப்ப மத்த கேள்விக்கு எங்கப்பாவையும் சேர்த்துக்குங்க."