வடை ருசி பாத்துச் சேத்த காலேஜ்

...அந்த வடை மட்டும் அம்புட்டு ருசியா இல்லாம இருந்திருந்தா, நான் ஏம்மா இந்த வெயில்ல ராஜபாளையத்துல பஸ் ஏறி வாரேன்? செத்த தள்ளி உக்காரு பாப்பா, என் பை நசுங்குது.

என் மக யுவராணிக்கு டயட்டீஷியன் ஆகணுமாம். ஆஸ்பத்திரில சுகர்காரவுகளுக்கு எதைத் திங்கணும், எதைத் திங்கக் கூடாதுன்னு சொல்லுற வேலை. வீட்டுல எனக்கு ஓசில சொல்லுதா, பத்தாதாக்கும்! ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி ஒரு காலேஜ், பாக்கப் போனோம். 'அம்மா, அங்கீகாரம் இருக்கான்னு கேளு'ன்னு கிள்ளுதா. நான் கான்வென்ட்ல படிச்சவ, அக்ரிடிட்டேஷனுக்கு ஸ்பெல்லிங்கே தெரியும்... கேக்கத்தான் முடியல. வாய் நிறைய கேன்டீன் வடை! சாப்பாட்டப் பத்திப் படிக்கிற எடத்துல சாப்பாடு நல்லாருந்தா படிப்பும் நல்லாத்தானே இருக்கும்னு, டி.சி., மார்க்‌ஷீட்டு அம்புட்டு ஒரிஜினலையும் அங்கயே தூக்கிக் குடுத்துட்டேன்.

வீட்டுக்கு வந்தா ஒரே அழுகை. அங்கீகாரம் இல்லாத எடத்துல படிச்சா, பொறவு டயட்டீஷியன்னு பதிவு பண்ணுற பரீட்சைக்கே உக்கார விடமாட்டாகளாம். பெரிய ஆஸ்பத்திரில வாசல்லயே திருப்பி அனுப்பிருவாகளாம். படிச்ச வருஷமெல்லாம் தண்டம்! காலேஜுக்குப் போனப் போட்டேன். 'அப்ளை பண்ணிருக்கோம் மேடம்'ங்கான். எப்ப? காலேஜ் தொறந்த அன்னைக்கு! இன்னும் வரலையாம்! சரி, பிள்ளைகளுக்குப் பயிற்சி எந்த ஆஸ்பத்திரிலன்னு கேட்டா, 'நம்ம கேன்டீன்லயே மேடம்'ங்கான்! அந்த வடையச் சுட்டதே ரெண்டாம் வருஷப் பிள்ளைகதானாம்! பக்குவம் வராம என்ன செய்யும்? படிக்க வந்ததுக வருஷம் பூரா மாவாட்டுதுகளே!

சிரிக்கியா? சிரி, சிரி. எனக்கும் போன்லயே சிரிப்பாணி பொத்துக்கிருச்சு. யுவராணிதான் இன்னும் மூஞ்சி குடுக்க மாட்டேங்கா. எங்க வீட்டுக்காரவுக போலீஸ்ல ஏட்டு, 'நானும் வாரேன்'னாவுக. வேணாம், என் வாயி போதும்னுட்டேன். இன்னைக்கு டி.சி.ய வாங்காம அந்த வாசல விட்டு நகர மாட்டேன்.

ஆமா, நீ ஃபைலும் கையுமா எங்க... ஏன் எந்திரிக்க? இது மடவார்வளாகம்மா, ஸ்ரீவில்லிபுத்தூர் இன்னும் வரல... இந்தா, எறங்கிட்டாளே! எதுத்தாப்ல ராஜபாளையம் பஸ்ஸக் கைகாட்டி மறிக்கா! கண்டக்டர் தம்பி, அந்தப் பிள்ள எங்க போக டிக்கெட் எடுத்துச்சு?

அந்தக் காலேஜ் ஸ்டாப்புக்கா!

அடி என் ராசாத்தி! ஃபைல இறுக்கிப் பிடிச்சுக்க! ஓடு, ஓடு! வடை வேணும்னா நான் வாங்கியாரேன்!