வண்டி ஓடும்போது மட்டும்

தைவானில், அதுவும் இந்தக் கீலுங்கில், மழை விட்ட நாளிலேயே துணி துவைத்துவிட வேண்டும். நீங்கள் வந்தபோது நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். போலீஸைக் காக்க வைத்ததற்கு மன்னிக்கவும்.

லூ குவோ-தோங்கை எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். என் மனைவி யீ-ஜென் ஆடிய இணைய விளையாட்டில் அவர்தான் கூட்டணித் தலைவர். பிரவுசரில் ஆடுவது. கோட்டை கட்டலாம், படை திரட்டலாம், அடுத்தவன் அசரும்போது கொள்ளையடிக்கலாம். எதிரிப் படை கிளம்பியதும் கைபேசியில் அலாரம் அடிக்கிற ஒரு ஸ்கிரிப்டை, சின்ன நிரலை, அவளுக்கு எழுதிக் கொடுத்தேன். கூட்டணி முழுவதும் அதை வாங்கிப் போட்டுக்கொண்டது.

மார்ச் மாதம் அவள் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகும்போது அலாரம் அடித்தது. குனிந்து பார்த்திருக்கிறாள். முன்னால் பேருந்து நின்றிருந்தது.

இறுதிச் சடங்குக்குக் குவோ-தோங் கூட்டணியின் பெயரில் மலர்வளையம் கொண்டுவந்தார். துக்கப் பணம் வைத்த வெள்ளை உறையைக் கொடுத்தார். படத்தின் முன் குனிந்து வணங்கினார். பிறகு என்னைத் தூணோரம் அழைத்துப் போனார்.

“தம்பி, தப்பா எடுத்துக்காதே. யீ-ஜென் கோட்டைல நம்ம ஆளுங்க படை நிக்குது. பாஸ்வேர்டு மட்டும் சொல்லிடு. அந்தப் பொண்ணு உசுரக் குடுத்துக் காப்பாத்துன கோட்டைப்பா அது.”

சொன்னேன். கோபம் அப்போது வந்தது. இன்னும் போகவில்லை.

ஜூனில் விளையாட்டைப் புதுப்பித்தார்கள். ஸ்கிரிப்ட் ஊமையாகிவிட்டது. குவோ-தோங் கடைகளுக்குத் தோஃபு ஏற்றிப்போகும் தன் லாரியை வாசலில் நிறுத்திவிட்டு மேலே வந்தார்.

“என்ன தம்பி, உன் அலாரம் மௌன விரதமா? நேத்து ரெண்டு கோட்டை போச்சு. பொடிப் பசங்க எல்லாம் சிரிக்கிறானுங்க.”

பழுது சின்னது. தாக்குதலைக் காட்டும் பகுதிக்கு விளையாட்டை நடத்துகிறவர்கள் புதுப் பெயர் வைத்திருந்தார்கள். ஸ்கிரிப்ட் பழைய பெயரையே தேடிக்கொண்டிருந்தது. ஒரு வரியில் சரிசெய்தேன். பிறகு அவருடைய கைபேசிக்கென்று சில வரிகள் சேர்த்தேன். வண்டி வேகமாக ஓடும்போது, தாக்குதல் இல்லாவிட்டாலும், தலைநகரமே விழப்போகிறது என்று அது அலறும். அவர் தினமும் மலைச்சாலையில் போகிறவர்.

இருப்பிடம் அறிய பிரவுசர் அனுமதி கேட்டது.

“இது எதுக்கு?”

“சிக்னல் எங்க போகுதுன்னு பாக்கத்தான், அண்ணே.”

“படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்” என்று அவரே அழுத்தினார்.

சனிக்கிழமைகளில் தன் மகளை டியூஷனுக்கு அந்த லாரியில்தான் கூட்டிப்போவார். அது எனக்குத் தெரியும். சனிக்கிழமையை விட்டுவிட இன்னும் ஒரு வரி போதும். எழுதவில்லை. எனக்கு யார் எதை விட்டுவைத்தார்கள்?

லாரி தடுப்பை உடைத்துக்கொண்டு விழுந்தது ஒரு சனிக்கிழமை. இருவரும் பிழைக்கவில்லை. ஆம், நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன்.

வண்டியின் வேகத்தைக் கண்டுபிடிக்கும் வரிகளை எங்கே கற்றேன் என்கிறீர்கள். அது யீ-ஜென் கேட்டபோது தேடிப் பார்த்துவைத்தது. வண்டி ஓட்டும்போது மட்டும் அலாரம் அடிக்காதபடி மாற்றித் தரச் சொல்லிக்கொண்டே இருந்தாள். “ரோட்ல திடீர்னு அடிச்சா தூக்கிவாரிப் போடுதுப்பா. செஞ்சு குடேன்.” அரைமணி நேர வேலை. அப்புறம் பார்க்கலாம் என்றேன். குவோ-தோங் மட்டும் அவளைக் கூட்டணியில் சேர்க்காமல் இருந்திருந்தால், அந்த வேலைக்கே அவசியம் வந்திருக்காது.