எல்ஜிவா கொடுத்த புளிமாவு

வெள்ளிக்கிழமையும் அதுவுமாகப் பன்றிக்கறி தின்றுவிட்டேன், சாமி. பாவசங்கீர்த்தனம் என்றால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஒரே ஒரு துண்டுதான். கொழுப்பு கொஞ்சம் அதிகம்.

மற்றதை நீங்கள் கேட்பதால் சொல்கிறேன். நான் கோஸ்லின் பிரபுவின் படைக்கு ரொட்டி சுடுகிறவன். வெங்காயத்தைத் தவிர எதன்மேலும் கத்தி வைத்ததில்லை. நம் அரசர் கடல் தாண்டி வந்து இந்த இங்கிலாந்தைப் பிடித்து மூன்று வருஷமாகியும், வடக்கே யார்க் பக்கத்து ஜனங்களுக்கு அது மண்டையில் ஏறவில்லை. கலகம் செய்தார்கள். துரத்தினால் காட்டுக்குள் ஓடுவார்கள். நாம் இந்தப் பக்கம் திரும்பியதும் அவர்களும் வீடு திரும்பிக் கஞ்சி குடிப்பார்கள்.

ஓர் ஊரில் முகாம் போட்டோம். எல்ஜிவா என்ற விதவையின் வீட்டு அடுப்பில்தான் நான் சுட்டேன். கப்பலில் கொண்டுவந்த என் புளிமாவு குளிரில் செத்துப்போயிருந்தது, ரொட்டி உப்பவேயில்லை. அவள் ஒன்றைக் கடித்துப் பார்த்தாள்.

"ஏண்ணே, இத வச்சு அடிச்சுத்தான் எங்க நாட்டப் பிடிச்சீங்களா? தலையில போட்டா ஆளு காலியாயிருவானே."

சிரித்துக்கொண்டே தன் பானையிலிருந்து ஒரு கை புளிமாவு எடுத்துக் கொடுத்தாள். "தெனம் ஒரு பிடி மாவு போடுங்க. பட்டினி போட்டா செத்துரும்."

மறுநாள் ரொட்டி பூவாக வந்தது. பிரபுவே தேடி வந்து பாராட்டினார். வந்தவர் அப்படியே உட்கார்ந்து புலம்பினார்.

"எலி மாதிரி ஓடுறானுங்கடா. எத்தன வளையத் தோண்டுறது?"

நான் அடுப்படி ஆள். தெரிந்ததைச் சொன்னேன். "எலிய ஏன் பிரபு துரத்துறீங்க? தானியத்த எடுத்துட்டா தானா ஒழிஞ்சுரும்."

அவ்வளவுதான். எந்தச் சமையல்காரனும் சொல்வதுதான். பிறகு எதையெல்லாம் கொளுத்துவது என்று விவரம் கேட்டார். குதிரில் இருக்கும் விதை ஓட்ஸ், உழவு மாடு, கோழி என்று சொன்னேன். கலப்பையை விட்டுவிடப் பார்த்தார்கள், நான்தான் ஞாபகப்படுத்தினேன். ஆட்களை வெட்ட வேண்டாம், வீண் வேலை என்று சொன்னதும் நான்தான். அந்த இரக்கத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்ஜிவா இடுப்பில் குழந்தையோடு கதவுக்குக் குறுக்கே நின்றாள். "அண்ணே, எலிக்குப் பயந்து யாராச்சும் வீட்டக் கொளுத்துவாங்களா? ஒரு மூட்டை விதையாவது விடுங்க. பனி விட்டதும் விதைக்கணும்ல?"

பயந்தெல்லாம் கொளுத்தவில்லை, சாமி. நிதானமாக, வரிசையாகத்தான் கொளுத்தினோம். ஒருத்திக்கு விட்டால் பக்கத்து வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? அவள் மூட்டையை நானே தூக்கித் தீயில் போட்டேன். முன்பின் தெரியாதவன் போட்டால் அவள் மனசு கஷ்டப்படுமே.

பனி விட்டபோது அதே வழியாகத் திரும்பினோம். பாதை நல்ல அமைதி. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை; நாய் மிச்சம் இருந்தால்தானே. நாய்க்குப் பிறகு எதைத் தின்றார்கள் என்று சொல்லமாட்டேன், நீங்கள் இன்னும் சாப்பிடவில்லை. எல்ஜிவா வாசலில்தான் உட்கார்ந்திருந்தாள், மடியில் குழந்தை. கூப்பிட்டேன். பதில் இல்லை. கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன். பக்கத்தில் போன பிறகுதான் காக்கைகளைப் பார்த்தேன்.

கையால் கொன்ற ஆள் ஒன்றுக்கு ஒரு வருஷம் தவம் என்று ஆயர்கள் விதித்திருக்கிறார்கள். கோஸ்லின் பிரபுவுக்குப் பதினொரு வருஷமாம், பாவம். அந்த வடக்கு முழுக்க ஓர் அடுப்பும் எரியாமல் போனது என் யோசனையால்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கையால்? ஒருவருமில்லை. பன்றிக்கறிக்கு மட்டும் தவம் சொல்லுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம் சொன்னால் நல்லது, மாவுக்கு வேளையாகிவிட்டது. எல்ஜிவா கொடுத்த அதே மாவுதான். தினம் ஒரு பிடி போடுகிறேன், ஒருநாளும் தவறியதில்லை. ஓர் உயிர் பட்டினி கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனசு வராது, சாமி.