பிரபுவின் உதடுகள்

— உட்காரு டுச்சோ. அந்த இடத்தை மறுபடி ஓட்டச் சொல்லியிருக்கேன். காட்டேரிப் பிரபுவா நீ சவப்பெட்டியிலேர்ந்து எழுந்து வந்து, கதாநாயகியா நடிக்கிற என் பொண்டாட்டி கழுத்துக்கிட்ட குனியுற இடம்.

— நெவியோ அண்ணே, ஏழு ரத்தக்காட்டேரிப் படத்துல எனக்குக் குரல் குடுத்தாச்சு. இந்த ஒரு காட்சிக்குப் போய் முரண்டு பிடிக்கிறீங்களே. தயாரிப்பாளர் வெளியில நகத்தைக் கடிச்சிட்டு நிக்கிறார்.

— கடிக்கட்டும். வசனம் என்ன? "உன் ரத்தம் என்னை அழைக்கிறது." திரையில உன் உதடு என்ன சொல்லுது?

— நம்ம ரோம்ல எவன் படப்பிடிப்புலயே ஒலிப்பதிவு பண்றான்? பக்கத்து செட்டுல சுத்தியல் சத்தம் காதைப் பொளக்கும். வசனம் மறந்தா ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணுவோம். போன படத்துல ஊரையே சபிக்கிற காட்சிக்கு, நான் மத்தியானம் தின்னதையெல்லாம் சொல்லிட்டு வந்தேன். நீங்கதான் அதுக்கு மேல சாபத்தைப் பேசி ஜனங்களை நடுங்க வச்சீங்க.

— எண்ணியிருந்தா கேட்டிருக்கவே மாட்டேன் தம்பி. அடுத்தவன் வாயைப் பாத்தே பொழைக்கிறவன் நான். உன் உதடு சொல்றது, "ஒரியெட்டா, அவனை விட்டுட்டு வந்துடு." கதாநாயகி பேரு கூட இல்ல, அவ சொந்தப் பேரு.

— சொன்னேன் அண்ணே. இல்லேங்கல.

— வெக்கங்கெட்டவனே. போஸ்டர்ல உன் மூஞ்சி. கிளைவ் ஹார்ட்மன்னு உனக்கு ஒரு இங்கிலீஷ் பேரு. காப்பிக்கடையில பொண்ணுங்க உன்னை மொய்க்குது, பக்கத்துல நிக்கிற என்னைத் தள்ளி நிக்கச் சொல்லுது. வயிறு எரிஞ்சுது, பொறுத்துக்கிட்டேன். வீட்டுக்குப் போனா கழுத்துல துண்டைச் சுத்திக்கிட்டு, தொண்டை நாளைக்கு வேணுமேன்னு ஊமை மாதிரி உக்காந்திருக்கேன். யாருக்காக? உனக்காக. இப்ப என் பொண்டாட்டியும் வேணும், அதையும் நான்தான் பேசிக் கேக்கணுமா? வேற ஆளைப் பாத்துக்க.

— வேற குரல் வந்தா என் பொழப்பு அதோட சரி. போன மாசம் ரேடியோவுல என் சொந்தக் குரல்ல பேட்டி குடுத்தேன். எவனோ கறிக்கடைக்காரன் கிளைவ் ஹார்ட்மன் பேரைச் சொல்லி ஏமாத்துறான்னு ஃபோன் மேல ஃபோன். உங்களுக்கு என் மூஞ்சியைப் பாத்தா எரியுது. உங்க தொண்டையை நினைச்சா எனக்கு எரியுது.

— பேச்சை மாத்தாதே. அவ உனக்கு என்ன பதில் சொன்னா? கேமராவுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கிறா, உதடு தெரியல. நாலு நாளா சோறு இறங்கல எனக்கு.

— அதை மட்டும் கேக்காதீங்க.

— சொல்லிடு. சொன்னா மிச்சப் படத்தைப் பேசி முடிச்சுத் தர்றேன்.

— என் மானம் போற விஷயம்.

— என் மானம் போய் நாலு நாள் ஆச்சு. சொல்லு.

— கண்ணை மூடிக்கிட்டா. "நீ பேசாதே டுச்சோ, வெறும் உதட்டை அசை. தியேட்டர்ல உக்காந்தா அந்த வாயிலேர்ந்து நெவியோ என்கிட்ட பேசுவாரு. அதுக்குத்தான் இந்தப் பேய்ப் படத்துக்கெல்லாம் ஒத்துக்கிறேன். வீட்டுல அவரு வாயே திறக்கிறதில்ல"ன்னா.