நீக்கப்பட்ட நாற்பத்தேழாம் கேள்வி

மேடையில் அமர்ந்திருக்கும் நம் கல்லூரிகளின் தேர்வுக் கூட்டமைப்புத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் துயரத்தோடு இருக்கும் சாரின் துணைவியார் ஜெயலக்ஷ்மி அம்மா அவர்களே, ஆரியசாலைக் கடைகளை அரைநாள் சாத்திவிட்டு இந்த மண்டபத்துக்கு வந்திருக்கும் தமிழ்ப் பெருமக்களே! வணக்கம்.

மதிப்பீட்டுத் தலைமை அலுவலர் தாணுமாலயன் சார் போய்விட்டார். நம்ப முடிகிறதா? பதினெட்டு ஆண்டுகள் அவருக்குப் பக்கத்து மேசையில் இருந்த துணை அலுவலர் வெங்கிடேஷ் ஆகிய எனக்கு முடியவில்லை. நம் கல்லூரிகளில் சேர எழுதும் நுழைவுத் தேர்வில் சரியான விடைக்கு நான்கு மதிப்பெண். தவறுக்கு ஒன்று கழியும். விடைத்தாளைத் திருத்துவது இயந்திரம். எது சரி என்று இயந்திரத்துக்குச் சொல்கிறவர் யார்? தாணுமாலயன் சார்! ஒரு மதிப்பெண் கேட்டு அழுத தாய்மார்கள் எத்தனை பேர்? ஒருவருக்காவது இறங்கியிருப்பாரா? அழ வருகிறவர்களுக்கு நாற்காலி போடாதே, உட்கார்ந்தால் நேரமாகும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு தவறு நடந்தது. அச்சுக்குப் போகும் முன் நாற்பத்தேழாம் கேள்வியின் நான்கு விடைத் தெரிவுகளை வரிசை மாற்றினோம். விடைக்குறிப்பிலும் மாற்ற வேண்டும் அல்லவா? மறந்துவிட்டேன். ஆம், நான்தான்! சரியாக எழுதியவர்களுக்கெல்லாம் இயந்திரம் ஒரு மதிப்பெண்ணைக் கழித்தது. புகார்கள் குவிந்தன. குறிப்பைத் திருத்தினால் முடிந்தது. ஆனால் திருத்தினால், தவறு யாருடையது என்று எழுத வேண்டுமே! என் வேலை என்ன ஆகும்? சார் என் முகத்தைப் பார்த்தார்.

"குறிப்பத் தொட வேண்டாம் வெங்கிடேஷ். கேள்வியையே எடுத்துக் களஞ்சிரு" என்றார்.

கேள்வி தெளிவாக இல்லை என்று அறிவித்து நீக்கினோம். மீதிக் கேள்விகளின் மதிப்பெண்ணை விகிதப்படி உயர்த்தி முழுமையாக்கினோம். சரியாக எழுதியவருக்கும் ஒன்றுமில்லை. தவறாக எழுதியவருக்கும் ஒன்றுமில்லை. இதைவிடச் சமத்துவம் உண்டா?

ஒரு பெண் வந்தாள். பூமாரி என்று பேர். தென்காசிப் பக்கத்துக் குடும்பம். அப்பா இதே ஆரியசாலையில் மூட்டை சுமக்கிறார். கட்டணமில்லாத கடைசி இடத்தை மூன்று மதிப்பெண்ணில் இழந்தவள். பாடப்புத்தகத்தை விரித்து சாரின் மேசையில் வைத்தாள்.

"சாரே, நான் சரியாத்தானே எழுதியிருக்கேன்? எனக்கு நாலு மார்க்கு எங்க போச்சு?"

சார் அந்தப் பக்கத்தைப் பொறுமையாகப் படித்தார். புத்தகத்தை மூடி அவள் கையில் கொடுத்தார்.

"நீ எழுதினது சரிதான் மோளே. ஆனா அந்தக் கேள்வி இப்போ இல்லல்லோ."

எவ்வளவு கனிவு! ஒருத்தியை வெறுங்கையோடு அனுப்பும்போது மலையாளத்து வாஞ்சையோடு 'மோளே', மகளே என்று சொல்ல எத்தனை அதிகாரிகளுக்கு வாய் வரும்?

அந்தக் கடைசி இடம் யாருக்குக் கிடைத்தது? சொல்லாமல் போனால் நான் நன்றி கெட்டவன். என் மகன் சிபிக்கு! நாற்பத்தேழை அவன் தவறாகத்தான் எழுதியிருந்தான். குறிப்பைத் திருத்தியிருந்தால் அவனுக்கு ஒன்று குறைந்து, அவளுக்கு நான்கு கூடியிருக்கும். அவனைத் தாண்டிப் போயிருப்பாள். அதோ, மூன்றாம் வரிசையில் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறான். அவனுக்குக் காப்பி கொடுத்த பெண் பூமாரிதான். இந்த மண்டபத்துச் சமையல்காரரிடம் வேலையாம். எனக்கு முகம் மறக்காது.

சார், நாளை முதல் உங்கள் நாற்காலியில் நான். இந்த ஆண்டுத் தேர்வில் இரண்டு கேள்விகளுக்குப் புகார் வந்திருக்கிறது. பார்த்துவிட்டேன், பிள்ளைகள் சொல்வதுதான் சரி. கவலைப்படாதீர்கள்! இரண்டையும் நீக்கும் உத்தரவைத் தட்டச்சு செய்து வைத்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். உங்கள் வழியிலிருந்து ஓர் அடி விலக மாட்டேன் என்று இந்தச் சபையில் உறுதி கூறுகிறேன்.

எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம். பூமாரி, தட்டைக் கீழே வைத்துவிட்டு நீயும் நில், மோளே.